‘எவ்விதக் காரணமும் இன்றி’: ஒரு பூக்கல் பட்டறை வழக்கு

காரைக்குடிப் பக்கம் சட்ட உதவிக் குழு வழியாக என்னிடம் வந்து, நான் நடத்திய ஒரு குற்ற வழக்கின் பதிவு இது. ஊர், ஆட்கள், காவல் நிலையம், நீதிமன்றம் எதற்கும் பெயர் சொல்லவில்லை. புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்ததால், பிரிவு எண்கள் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி இருக்கின்றன. எளியவர் கையை ஓங்கிவிட்டால் புகாரில் முதலில் ஏறும் வாசகம் ‘எவ்விதக் காரணமும் இன்றி’ என்பதுதான். வலியவரை எதிர்த்து எழும் பதிலடி காரணமே இல்லாமல் வருமா என்பதே கேள்வி. அந்த வாசகத்தை எதிர்கொள்வது எவ்வளவு கடினம் என்று காட்டவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

பட்டறைக்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆத்தங்குடி வகைப் பூக்கல் செய்பவர். மனைவியும் கூலிக்கு இரண்டு ஆட்களும் உடன் வேலை செய்தார்கள். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார்கள். பிறகு உலர்த்துவது, தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பது, மறுபடி வெயில் காட்டுவது. கண்ணாடியில் படிந்து கிடந்த முகமே பளபளப்பாக வரும். ஆகவே பட்டறைக்குக் கூரையைவிடக் களம் முக்கியம். கல்லின் முகம் இறுகுவதற்குள் செம்மண் புழுதி படிந்தால் வெளிர் நிறங்களில் கறை நின்றுவிடும். வாங்குகிறவர் பெட்டியைத் திறந்த உடனே திருப்பி அனுப்பிவிடுவார்.

இவருடைய களத்தின் ஓர் ஓரம் வண்டிப்பாதைப் புறம்போக்கில் ஏறியிருந்தது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அப்படித்தான். ஊரில் யாரும் கேட்டதில்லை என்றாலும் அளந்து பார்த்தால் ஆக்கிரமிப்புதான்.

எதிர்த்தரப்பு ஒரு மண் ஒப்பந்தக்காரர், நாற்பது வயதுக்குள் இருப்பவர். மண் அள்ளும் இயந்திரங்களும் டிப்பர் லாரிகளும் வைத்திருந்தார். உள்ளாட்சியில் நெருங்கிய உறவினர் பதவியில் இருந்தார். கண்மாய் வண்டலை விவசாயிகள் தங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்ளச் சிறுகனிமச் சலுகை விதிகள் இடம் தருகின்றன. அனுமதி விவசாயிகளின் பேரில் வாங்கப்பட்டது; மண் போனதோ நெடுஞ்சாலை ஓரத்து மனைப்பிரிவுக்கு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கண்மாய் ஆழமானால் நல்லதுதானே என்று பலரும் பேசாமல் இருந்தார்கள்.

இரு தரப்பும் ஒரே சாதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய கேள்வி எழவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். வலிமை வேறுபாடு பணத்திலும் தொடர்பிலும் இருந்தது.

சம்பவத்துக்கு முன் நடந்தவை

பங்குனி தொடக்கத்தில் லாரிகள் ஓடத் தொடங்கின. கண்மாயிலிருந்து தார்ச்சாலைக்குப் போக இருந்த ஒரே பாதை பட்டறையை ஒட்டியது. பட்டறைக்காரர் முதலில் செய்தது, லாரிகளை நிறுத்திப் பாதையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஓட்டுமாறு கேட்டதுதான். இரண்டொரு நாள் தெளித்தார்கள், பிறகு நின்றுபோனது. கோயம்புத்தூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அனுப்பிய கற்களில் கறை இருப்பதாகப் படத்துடன் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் சிவகங்கைக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். மனு வட்டாட்சியருக்கும், அங்கிருந்து கீழேயும் போனது. விசாரணை நடப்பதற்கு முன்பே மனுவின் நகல் ஒப்பந்தக்காரரின் கைப்பேசியில் இருந்தது. யார் அனுப்பினார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. மறுநாள் பட்டறை வாசலுக்கு வந்த அவர், தன்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த மனிதரை வேலையாட்கள் முன்னிலையில் ‘டேய்’ என்று அழைத்துப் பேசினார். பாதையை அடைத்து வைத்திருப்பது யார் என்று அளந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அதன் பின் நடந்தவற்றுக்கு நேரடிச் சாட்சி குறைவு. ஒரு காலையில் வாசலில் ஒரு லோடு மண் கொட்டிக் கிடந்தது. இன்னொரு நாள் தொட்டிக்கு வரும் குழாய் உடைந்திருந்தது. கூலியாள் ஒருவர் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டதற்கு வீட்டில் வேலை இருப்பதாகச் சொன்னார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்ன விஷயம். காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால் இதற்கெல்லாமா வருவார்கள் என்று கேட்பார்கள். வலியவர் கொடுக்கும் தொல்லை பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. அளவு தெரிந்தேதான் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு.

சம்பவம்

சித்திரையில் ஒரு முற்பகல். கண்மாய்க்குத் திரும்பிய வெற்று லாரி ஒன்று, எதிரே லோடு வண்டி வந்ததால் ஒதுங்குவதற்காகப் பின்னால் எடுத்தது. பின்சக்கரங்கள் களத்துக்குள் ஏறி, காய வைத்திருந்த கல் வரிசைகளை நசுக்கின. பட்டறைக்காரர் கத்தினார். லாரி நின்றது. பிறகு முன்னால் போவதற்குப் பதிலாக மறுபடியும் பின்னால் வந்தது. இரண்டாவது முறை வந்ததைப் பட்டறைக்காரரின் மனைவி கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார். காட்சி ஆடுகிறது, ஆனால் சக்கரமும் கல்லும் தெரிகின்றன.

கையில் இருந்த இரும்புச் சட்டத்தைப் பட்டறைக்காரர் எறிந்தார். லாரியின் முன்கண்ணாடி உடைந்தது. ஓட்டுநரின் நெற்றியில் வெட்டு விழுந்து தையல் போட நேர்ந்தது. இருபதுகளில் இருந்த அவர் பக்கத்து ஒன்றியத்திலிருந்து தினப்படிக்கு வந்தவர்.

ஒப்பந்தக்காரர் கண்மாய்க் கரையில், கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

புகாரைக் கொடுத்தவரும் அவரே. ‘எவ்வித முன்விரோதமும் காரணமும் இன்றி, பணியில் இருந்த ஓட்டுநரை ஆபாசமாகத் திட்டி, இரும்பு ஆயுதத்தால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்’ என்பது அதன் சாரம். தண்டனைச் சட்டத்தின் 294(பி), 324, 506(2) பிரிவுகளில் வழக்குப் பதிவானது. லாரிக் கண்ணாடிக்காக 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சொத்து சேதத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. காவலில் அனுப்ப வழி திறந்தது அதுதான். பட்டறைக்காரர் அன்று இரவே கிளைச் சிறைக்குப் போனார்.

முதல் முடிவு: எதைச் சொல்லாமல் விடுவது

குடும்பத்தார் நடந்ததை எல்லாம் ஜாமீன் மனுவிலேயே கொட்டிவிட வேண்டும் என்றார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த வகை வழக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கொடுமைகளைச் சொல்லாவிட்டால், காரணமில்லாமல் தாக்கினார் என்ற புகார் அப்படியே நிற்கும். சொன்னால், அரசுத் தரப்பு அதையே முன்விரோதம் என்று எடுத்துக்கொண்டு, பகை வைத்துக் காத்திருந்து தாக்கினார் என்று நிறுவும். ஒரே வரலாறு சொல்லாவிட்டாலும் குற்றவாளி ஆக்குகிறது, சொன்னாலும் ஆக்குகிறது.

எனவே ஜாமீன் மனுவில் சம்பவ நாளை மட்டும் எடுத்துக்கொண்டோம். லாரி இரண்டு முறை களத்துக்குள் ஏறியது, கற்கள் நசுங்கியது, எறிந்த பொருள் ஆயுதம் அல்ல, தொழில் கருவி என்பது. காணொளியை வெளியிடவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஜாமீன் கிடைத்தது.

கூடவே எதிர்ப்புகாரும் கொடுத்தோம். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று தமிழகக் காவல் நிலை ஆணை 588-ஏ சொல்கிறது. நடைமுறையில் எங்களுக்குக் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்; வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 156(3)இன்கீழ் நீதித்துறை நடுவரிடம் போன பிறகே அந்தப் புகார் வழக்காகப் பதிவானது.

ஆத்திரத்துக்குச் சட்டம் கொடுக்கும் கெடு

ஆயுதத்தால் காயம் விளைவித்ததற்கான 324ஆம் பிரிவில் தண்டனை மூன்று ஆண்டு வரை. அதே காயத்தைக் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் ஏற்படுத்தியிருந்தால் 334ஆம் பிரிவு. ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் வரைதான். இரண்டுக்கும் நடுவே இருந்த இந்தத் தூரத்தைக் கடப்பதுதான் வழக்கு.

‘திடீர்’ என்ற நிபந்தனை எளியவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. வலிமை உள்ளவன் அவமதிக்கப்பட்ட கணத்திலேயே திருப்பி அடிக்கலாம். அது திடீர் ஆத்திரம் ஆகிவிடும். எளியவன் பொறுத்துப் போகிறான். மனுக் கொடுக்கிறான், மறுபடி பொறுக்கிறான். அவன் பொறுத்த ஒவ்வொரு நாளும் ஆத்திரம் ஆறுவதற்குப் போதிய அவகாசம் என்று கணக்கில் ஏறுகிறது. கடற்படை அதிகாரி ஒருவர் மனைவியின் காதலரைச் சுட்டுக்கொன்ற நானாவதி வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய மூன்று மணி நேர இடைவெளியைச் சுட்டி, கட்டுப்பாட்டை மீட்டுக்கொள்ள அது போதும் என்று முடிவு செய்தது. பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் வெடித்த கோபத்தை அந்த அளவுகோலின் முன் எப்படி வைப்பது?

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வாயிலும் இருக்கிறது. தாக்கப்பட்டவரின் முந்தைய செயல் ஏற்படுத்திய மனநிலையையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் சுயம்புக்கனி வழக்கில் இன்னும் ஒரு படி முன்னே போய், நீடித்துச் சேர்ந்துவரும் ஆத்திரமூட்டலையும் விலக்காக ஏற்றது. கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த ஒரு தாயின் வழக்கு அது. நல்லதங்காள் கதை தீர்ப்பிலேயே இடம்பெற்றது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவளாகச் சொல்லப்படும் நல்லதங்காளை எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது. இவை கொலை வழக்கின் விதிவிலக்கைப் பற்றிய தீர்ப்புகள். சாதாரணக் காய வழக்குக்கு நேராகப் பொருந்தாது. என்றாலும் வாதத்துக்கு அடித்தளமாகக் கொண்டோம்.

ஆகவே தேதிவாரியாக ஒரு பட்டியல் தயாரித்தோம். மனு ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வாசலில் கொட்டிய மண்ணின் படம், முன்பணம் திருப்பிய வங்கிப் பதிவு. ஆதாரம் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. உடைந்த குழாய் அதனால்தான் பட்டியலில் இல்லை.

ஒப்பந்தக்காரர் தரப்பும் ஒரு பட்டியல் போட்டது. அவர்களுடையது மனுவில் தொடங்கியது: அனுமதி பெற்று நடந்த வேலையைப் பொய் மனு கொடுத்துக் கெடுக்கப் பார்த்தார், புறம்போக்கை ஆக்கிரமித்துப் பாதையைக் குறுக்கினார், பாதை குறுகியதால்தான் லாரி களத்தில் ஏறியது. அவர்கள் கணக்கில் முதலில் சீண்டியவர் பட்டறைக்காரர். இதை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆக்கிரமிப்பு உண்மை. ஆனால் பல ஆண்டுகளாக யாருக்கும் இடைஞ்சல் செய்யாத ஆக்கிரமிப்பு, மனுக் கொடுத்த மறுநாள் குற்றமாகிவிட்டது.

எந்தத் தேதியில் கதையைத் தொடங்குவது என்பதே பாதி வழக்கு. இந்த மண்ணில் அதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1801இல் நடந்ததைக் கம்பெனி கலகம் என்று பார்த்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூன் 16 அன்று, திருச்சியில் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கையோ, நவாப் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததிலிருந்தும் அவர்கள் வஞ்சகமாக நாட்டைத் தமதாக்கிக்கொண்டதிலிருந்தும் தொடங்குகிறது. வலியவர் எழுதும் பட்டியல் எப்போதும் கடைசி அடியில் தொடங்கும். அதற்கு முந்தியதெல்லாம் அவருக்கு வழக்கமான நிர்வாகம்.

ஓட்டுநர்

வழக்கின் மிகச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். ஓட்டுநரைச் சந்திக்க முடிவு செய்தபோது சக வழக்கறிஞர் ஒருவர் தடுத்தார். சாட்சியைக் கலைத்ததாகப் பேச்சு வரும் என்றார். எனவே ஓட்டுநரின் தாய்மாமன் முன்னிலையில், அவருக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு பேசச் சொன்னோம்.

“அவருக்கும் எனக்கும் என்னங்க பகை?” என்றுதான் அவர் தொடங்கினார். “நான் வந்ததே நான்கு நாள் முன்னால்தான். மனு, மண், எதுவும் எனக்குத் தெரியாது. வண்டியைத்தானே ஓட்டினேன்?”

இரண்டாவது முறை ஏன் பின்னால் எடுத்தீர்கள் என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “முதலாளி கரையிலிருந்து கையைக் காட்டினார். ஏற்று, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னார்.” தையல் போட்ட அன்று மருத்துவச் செலவை முதலாளி கொடுத்ததாகவும், வேலைக்குப் போகாத நாட்களுக்குப் படி தரவில்லை என்றும் சொன்னார்.

334ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பலரும் அதைப் படிக்காமல் கடந்துபோகிறார்கள். ஆத்திரமூட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் காயம் விளைவிக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ இல்லாதவருக்கே அந்தச் சலுகை. ஆத்திரமூட்டியவர் யார்? வாசலில் நின்று பேசியவர் கரையில் இருந்தார். சக்கரத்தை ஏற்றியவர் ஓட்டுநர். இரண்டாவது முறை ஏற்றியதால் ஓட்டுநரும் ஆத்திரமூட்டியவர்தான் என்று வாதிடலாம். சட்டப்படி அது நிற்கவும் கூடும். ஆனால் பங்குனி முதல் சேர்ந்த கணக்கில் அவருக்குப் பங்கே கிடையாது. நீடித்த ஆத்திரமூட்டல் என்று வாதாடத் தொடங்கினால் அந்த வாதம் கரையில் நின்றவரைத்தான் தொடும். நெற்றி கிழிந்தவரைத் தொடாது.

பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டேன். ஒப்பந்தக்காரர் கண்ணுக்கு எதிரே நின்றாரே, ஏன் லாரி மேல் எறிந்தீர்கள்?

“வண்டியை நிறுத்தத்தான் சார் எறிந்தேன். அவர் மேல் எறியக் கை வராது.”

என் பார்வையில் கேள்வியின் முழு விடையும் இதில் இருக்கிறது. வலியவரை எதிர்த்து எழும் பதிலடி காரணமில்லாமல் வந்ததாக நான் இதுவரை பார்த்த எந்த வழக்குக் கட்டிலும் இல்லை. தோண்டினால் ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த அடி வலியவர் மேல் விழுந்ததையும் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவருடைய ஓட்டுநர், காவலாளி, கணக்குப்பிள்ளை என்று அவருக்கு முன்னால் நிற்கும் யார் மீதோ விழுகிறது. அந்த ஆளைக் கேட்டால், காரணமே இல்லாமல் அடித்தார்கள் என்பார். அவரளவில் அது உண்மை. ஒப்பந்தக்காரரின் புகாரில் இருந்த பொய்யான வாசகம், ஓட்டுநரின் வாயிலிருந்து வந்திருந்தால் மெய்யாகியிருக்கும். புகாரை ஓட்டுநரைக் கொடுக்கவிடாமல் முதலாளியே கொடுத்தது எங்களுக்கு வாய்த்த வசதி.

இரண்டாவது முடிவு: சமரசம்

விசாரணைக்குப் போயிருந்தால் 324ஐ 334ஆகக் குறைக்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா களத்தை விட்டுவிட்டு வர வேண்டும். ஓட்டுநர் கூண்டில் ஏறி முதலாளிக்கு எதிராகச் சொன்னால் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஸ்டீயரிங் கிடைக்காது. சொல்லாவிட்டால் நம் கட்சிக்காரருக்குத் தண்டனை. அந்தப் பையனை அந்த இடத்தில் நிறுத்த எங்கள் தரப்பே விரும்பவில்லை. பட்டறைக்காரரின் மனைவிதான் முதலில் அதைச் சொன்னார்.

முதல் பேச்சு ஓட்டுநருடன் நடந்தது. மருத்துவச் செலவும், வேலை இழந்த நாட்களுக்கான படியும் பட்டறைக்காரர் கொடுப்பது என்று முடிவானது. பணத்தைக் கையில் கொடுத்தபோது, “தம்பி, உன்மேல் பட்டது என் தப்பு” என்றார். ஒப்பந்தக்காரரைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

ஒப்பந்தக்காரர் உடனடியாக ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்புகாரில் விசாரணை நகரத் தொடங்கி, லாரிகள் எந்த அனுமதியில் எங்கே மண் கொண்டுபோயின என்ற கேள்வி எழுந்த பிறகே அவருடைய வழக்கறிஞர் பேச வந்தார். 324ஆம் பிரிவு சமரசத்துக்கு உட்படாதது. ஆகவே இரு வழக்குகளையும் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினோம். சமரசத்துக்கு உட்படாத குற்றங்களிலும், தனிப்பட்ட தகராறாக இருந்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பது 2012ஆம் ஆண்டு ஞான் சிங் வழக்கின் முடிவு.

விளைவு

இரண்டு வழக்குகளும் ரத்தாயின. ஒப்பந்தக்காரர் கற்களுக்கு ஒரு தொகை கொடுத்தார். இழப்பில் பாதிகூட வராது. தவறு செய்ததாக எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அனுமதிக் காலம் முடிந்து லாரிகள் தாமாகவே வேறு கண்மாய்க்குப் போய்விட்டன. அளவை நடந்து புறம்போக்கில் இருந்த ஓரத்தைப் பட்டறைக்காரர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. களம் சிறுத்துவிட்டது. மண் அனுமதி பற்றிய கேள்வி, சமரசத்தோடு சேர்ந்து பதிலின்றி அடங்கியது. இந்த முடிவில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

ரத்து உத்தரவின் இரண்டாம் பத்தியில், வழக்கம்போல், அரசுத் தரப்பு வழக்கின் சுருக்கம் இருக்கிறது. எவ்விதக் காரணமும் இன்றித் தாக்கினார் என்ற வாசகம் அங்கே அப்படியே நிற்கிறது. எங்கள் தேதிப் பட்டியல் எந்த நீதிமன்றப் பதிவிலும் ஏறவில்லை.

இனி மாற வேண்டியவை

இத்தகைய தொல்லை தொடங்கும்போதே உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்பது நல்லது. குறைதீர்க்கும் நாள் மனுவை மட்டும் நம்பினால், மனுதாரரின் பெயர் எதிராளியின் கைக்குப் போய்ச் சேரும் வழியாகவே அது முடியலாம். ஆக்கிரமிப்பு போன்ற பலவீனம் நம் பக்கம் இருந்தால் மனுக் கொடுப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எதிராளி முதலில் தொடுவது அதைத்தான்.

சின்னத் தொல்லைகளுக்கும் அன்றன்றே சி.எஸ்.ஆர். ரசீது வாங்கச் சொல்கிறேன். காவலர் சிரித்தாலும் பரவாயில்லை. பின்னால் எழுதிய பட்டியல் முன்விரோதத்துக்குச் சான்றாகிறது. அன்றன்று பதிந்த ரசீதுகள் ஆத்திரமூட்டலுக்குச் சான்றாகின்றன. குழாய் உடைந்த அன்று ஒரு ரசீது இருந்திருந்தால் எங்கள் வாதம் இன்னும் வலுத்திருக்கும்.

காயம்பட்டவர் யாருடைய ஆள் என்று பார்க்காமல் முதல் வாரத்திலேயே உரிய முறையில் அவரை அணுக வேண்டும். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 334க்கு ஈடான 122ஆம் பிரிவில் அபராதம் 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆத்திரமூட்டியவரைத் தவிர மற்றவருக்குக் காயம் விளைவிக்கும் எண்ணமோ அறிவோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனை மாறாமல் இருக்கிறது. முதலாளியின் ஏவலில் வேலை செய்தவரை அந்த நிபந்தனையில் எந்தப் பக்கம் வைப்பது என்று தெளிவாகச் சொல்லும் தீர்ப்பு எங்கள் கையில் இல்லை. அடுத்து இப்படி ஒரு வழக்கு வந்து, கட்சிக்காரருக்கும் ஓட்டுநருக்கும் தாக்குப்பிடிக்கும் வசதி இருந்தால், சமரசத்துக்குப் போகாமல் அந்தக் கேள்வியை விசாரணை நீதிமன்றத்திலேயே எழுப்பிப் பார்ப்பேன்.